தொட்டுப் பார்த்தால் தெரியும்

தோழர்களே,

இதழ் மூன்று மாதம் தாமதம். 'பத்திரிகை நின்னு போச்சா?' என்று அக்கறையோடு கேட்டவர்களுக்கும், 'சிறுபத்திரிகைன்னா மூணாவது இதழோட செத்துடணும்' என்று டீக்கடையில் நக்கலடித்தவர்களுக்கும் சேர்த்து ஒரே பதில்: நிற்கவில்லை. அச்சுக்கூலிக்கும் பேப்பருக்கும் ஒதுக்கிய பணம் வேறு செலவுக்குப் போய்விட்டது. ஆசிரியர் குழு கூடித்தான் முடிவு செய்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாத பிழைப்பு. ஆகவே சந்தா கட்டியவர்களுக்குக் கணக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நம் இதழ்க் கட்டுகளைச் சுமந்துபோய்க் கடை கடையாய்ப் போடுகிற தோழர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடிகாலை நாலரைக்கு வேலைக்குப் போய், மதியத்துக்குமேல் நமக்கு வேலை செய்வார். அவருடைய மகளுக்கு ஆறு வயது. போன சித்திரையில் அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்குக் காலனியில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். இந்தப் பிள்ளை நாலடி ஓடும், குந்தி உட்காரும். முட்டியைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஓடும், மறுபடி உட்காரும். 'அது அப்படித்தான் மாமா, சரியான சோம்பேறி' என்றான் பக்கத்து வீட்டுப் பையன். பள்ளிக்கூடத்து டீச்சரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கையிலிருந்த கயிறு நழுவியது. ஏனென்றால் அப்படி உட்கார்ந்த இன்னொரு பிள்ளையை எனக்குத் தெரியும். என் தங்கை.

எங்கள் சேரியிலிருந்து பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். ஊர்த்தெரு வழியாகப் போனால் கிட்டம். ஆனால் நாங்கள் ஏரிக்கரை சுற்றித்தான் போகவேண்டும். அந்த ஒன்றரை மைலில் அவள் ஏழெட்டு இடத்தில் குந்தி உட்காருவாள். மணி அடித்துவிடும், முட்டிபோட வைப்பார்கள் என்கிற பயத்தில் நான் அவளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவேன். அழுதால் உதடு கறுத்துப்போகும். 'கருங்கிரந்தி' என்றாள் அப்பாயி. எண்ணெய் தடவினார்கள், மந்திரித்தார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். 1998ஆம் வருஷம், மார்கழியில், ஏழு வயதில் செத்துப்போனாள். 'பிள்ளை அற்பாயுசு' என்று சொல்லிப் புதைத்தோம். அவளுக்கு என்ன நோய் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எக்கோ எடுக்கவில்லை. போட்டோகூட எடுக்கவில்லை. இதுதான் என்று நான் இன்றைக்கு உறுதியாய்ச் சொல்ல முடியாது. ஆனால் அவள் உட்கார்ந்த உட்கார்வை நான் மறக்கவில்லை.

இலக்கியப் பத்திரிகையின் தலையங்கத்தில் குழந்தைகளின் இதய நோய்க்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நம் பிள்ளைகள் எதனால் சாகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நம் அரசியல் இல்லையென்றால் வேறு எதுதான் நம் அரசியல்?

விஷயம் இதுதான். இதயத்துக்கு நாலு அறை. வலது பக்கம் உடம்பிலிருந்து வருகிற கெட்ட ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் நுரையீரலில் சுத்தமான ரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது. சில பிள்ளைகளுக்குக் கருவிலேயே இந்தக் கட்டுமானம் பிசகிவிடுகிறது. கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற வழி குறுகல். உடம்புக்குப் போகிற பெருங்குழாய் ஓட்டைக்கு மேலேயே கால் பரப்பி நிற்கும். வலது கீழறைச் சுவர் முட்டி முட்டித் தடித்துப்போகும். இந்த நாலும் சேர்ந்த நோயை 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கமாய் எழுதினார். அதனால் அவர் பேரில் 'ஃபாலோ நாற்கோளாறு' என்கிறார்கள். நுரையீரலுக்குப் போகவேண்டிய கெட்ட ரத்தம் குறுக்கே பாய்ந்து உடம்புக்குப் போய்விடும். உதடும் நாக்கும் நகமும் நீலம் பாரிக்கும். விரல் நுனிகள் உருண்டுபோகும்.

குந்தி உட்கார்ந்தால் கால் பக்கத்து ரத்தக்குழாய்கள் மடங்கி அழுத்தம் கூடும். அதனால் கூடுதல் ரத்தம் நுரையீரல் பக்கம் தள்ளப்படும். மூச்சுக் கொஞ்சம் திரும்பும். ஆக அந்த உட்கார்வு எந்த டாக்டரும் சொல்லித்தராமல் அந்தப் பிள்ளை தனக்குத்தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம். அதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறோம். அதற்குத்தான் முட்டிபோட வைக்கிறோம். அந்த வைத்தியத்திலிருந்துதான் நான் என் தங்கையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

தோழரின் பிள்ளையை யாரிடமும் காட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிறந்ததிலிருந்து ஒரே அலைச்சல். சளி என்று காட்டியிருக்கிறார்கள், காய்ச்சல் என்று காட்டியிருக்கிறார்கள். எல்லாச் சீட்டையும் மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார் தாய். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் படித்தேன். எல்லாவற்றிலும் இருமல் மருந்து, சத்து டானிக். ஒரு சீட்டில் ஹீமோகுளோபின் 19 என்று இருந்தது. 'ரத்தம் நல்லா ஊறியிருக்கும்மா, பிள்ளை தெம்பாத்தான் இருக்கா' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சுக்காற்றுப் பற்றாமல் உடம்பு தவித்துத் தவித்து அளவுக்குமேல் சிவப்பணுக்களை உண்டாக்கியதன் அடையாளம் அது. 'டாக்டர் நெஞ்சுல குழாய் வச்சுப் பாத்தாரா?' என்று கேட்டேன். அந்தம்மா யோசித்தது. 'மேசைக்கு அந்தாண்ட இருந்தே கேப்பாரு தம்பி. எட்டி நில்லும்மான்னுவாரு. நாங்க குப்பை அள்ற ஆளுங்கன்னு அவருக்குத் தெரியும்ல' என்றது.

ஆறு வருஷத்தில் அந்தப் பிள்ளையின் நெஞ்சை யாரும் சரியாய்த் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் போதும். குறுகல் வழியாய்ப் பீறிடுகிற ரத்தத்தின் இரைச்சல் குழாயில் கேட்டிருக்கும். தீண்டாமை என்றால் கோயிலும் கிணறும் டீக்கடைத் தம்ளரும் மட்டும்தான் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்டெதஸ்கோப்பின் நுனியிலும் இருக்கிறது தோழர்களே.

கடைசியில் அவளைத் தொட்டுப் பார்த்தது நம் வாசகியாகிய ஒரு பயிற்சி மருத்துவர். கல்லூரி விடுதியில் நம் இதழைப் படித்தவள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். நகத்தைப் பார்த்தாள். விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். 78 என்று காட்டியது. அன்றைக்கே எக்ஸ்ரே. இந்த நோயில் இதயம் எக்ஸ்ரேயில் பூட்ஸ் மாதிரி தெரியும். தாத்தாவிடம் படத்தைக் காட்டி, 'பாருங்க தாத்தா, பூட்ஸ் மாதிரி இருக்கு' என்றாள். தாத்தா நாற்பது வருஷமாய்ச் செருப்பு தைக்கிறவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'பூட்ஸா இருந்தா நான் தச்சிருவனே தாயி' என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு இன்னொரு ஆள் ஞாபகம் வந்தார். உண்மையிலேயே தைத்துக் காட்டிய ஆள். நம் மாணவத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர். பெயர் விவியன் தாமஸ்.

1910இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தவர். கறுப்பர். தாத்தா அடிமையாய் இருந்தவர், அப்பா தச்சர். மகனும் தச்சு வேலைதான் கற்றார். டாக்டருக்குப் படிக்கவேண்டுமென்று கூலியில் மிச்சம்பிடித்துச் சேர்த்துவைத்தார். பொருளாதார வீழ்ச்சியில் நாஷ்வில் நகரத்து வங்கி முறிந்து அந்தப் பணம் முழுக்கப் போனது. (வங்கிக்காரனாகிய எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்தும்.) 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்கிற வெள்ளை டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, அறுவை, ரசாயனக் கணக்கு. சம்பளப் பட்டியலில் போட்டிருந்தது கூட்டிப் பெருக்குகிற ஆள் என்று. 1941இல் பிளேலாக் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனபோது தாமஸையும் கூட்டிப்போனார். அங்கே கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் கக்கூஸ் தனித்தனி. வெள்ளைக் கோட்டு போட்டு ஒரு கறுப்பர் நடந்துபோனால் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அங்கே ஹெலன் டாசிக் என்று ஒரு பெண் டாக்டர். நீலம் பாரித்த குழந்தைகளைப் பார்ப்பது அவர் பிரிவு. ஹார்வர்டில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுக்காத காலத்தில் படித்து வந்தவர். காது கேட்காமல் போய்விட்டது. இதய நோய் டாக்டருக்குக் காது போனால் என்ன செய்வார்? குழந்தையின் நெஞ்சில் விரலை வைத்து அதிர்வை உணர்ந்து நோய் சொன்னார். இங்கே ரெண்டு காதும் நன்றாய்க் கேட்கிறவர்கள் மேசைக்கு அந்தாண்டையே உட்கார்ந்திருக்கிறார்கள். அவரோ காது போனபிறகும் தொட்டுக் கண்டுபிடித்தார்.

நுரையீரலுக்கு ரத்தம் போக இன்னொரு குழாயைத் திருப்பிவிட முடியாதா என்று டாசிக் கேட்டார். கைக்குப் போகிற ரத்தக்குழாய் ஒன்றை நுரையீரல் குழாயோடு இணைப்பது என்று முடிவானது. அதை நாய்களிடம் இரண்டு வருஷத்துக்குக் கிட்ட சோதித்து, முறையை உருவாக்கி, மெல்லிய குழாய்க்கு ஏற்ப ஊசியையும் இடுக்கியையும் மாற்றி அமைத்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29. பதினைந்து மாதப் பெண் குழந்தை, எடை நாலு கிலோ சொச்சம். கத்தி பிடித்தது பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, எங்கே தைக்க, எப்படித் தைக்க என்று சொல்லிக்கொடுத்தவர் தாமஸ். அந்தக் குழந்தை அறுவையைத் தாங்கியது, ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி இறந்துபோனது. மூன்றாவதாய்ச் செய்த ஆறு வயதுப் பையனின் கறுத்த உதடு மேசையிலேயே சிவந்தது. பிறகு தேசம் தேசமாய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வந்தார்கள்.

1945இல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதில் பிளேலாக், டாசிக் பெயர்கள் இருந்தன. தாமஸின் பெயர் எங்கேயும் இல்லை. சிகிச்சைக்கும் அவர்கள் இருவர் பெயர்தான். குடும்பம் நடத்தப் பணம் போதாமல், அதே பிளேலாக் வீட்டு விருந்தில் மது ஊற்றிக்கொடுக்கும் வேலை பார்த்தார் தாமஸ். பகலில் அவரிடம் அறுவை கற்றவர்களுக்கு இரவில் அவரே கோப்பை நிரப்பினார். 1971இல்தான் அவர் படத்தை மருத்துவமனையில் மாட்டினார்கள். 1976இல் கௌரவ முனைவர் பட்டம். 1985இல் இறந்தார். இப்போது பல மருத்துவர்கள் 'பிளேலாக்-டாசிக்-தாமஸ்' என்று மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நாம் அப்படியே சொல்லுவோம்.

இதை நான் அமெரிக்கப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 1946இல் பாபாசாகேப் கறுப்பர் தலைவர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராட்டியத்தில் எழுந்த தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே பிளாக் பேந்தர்களிடமிருந்து எடுத்தார்கள். அந்த உறவில் சொல்கிறேன். 'இட ஒதுக்கீட்டில் வந்த டாக்டர் கத்தி பிடித்தால் நோயாளி பிழைப்பானா?' என்று தகுதி திறமை பேசுகிறவர்களைப் பஸ்ஸில் பார்க்கிறோம், என் வங்கியின் கேண்டீனிலும் பார்க்கிறேன். அடுத்தமுறை அவர்களிடம் தச்சர் மகன் விவியன் தாமஸின் கதையைச் சொல்லுங்கள். மரத்தை இழைத்த கைதான் குழந்தையின் இதயக் குழாயைத் தைக்க வழி சொன்னது.

இன்னொரு விஷயம். 'நீலக் குழந்தை' என்பதே வெள்ளைத் தோலைப் பார்த்து வைத்த பெயர். நம் கறுத்த பிள்ளைகளிடம் அந்த நீலம் கன்னத்தில் தெரியாது. நாக்கை நீட்டச் சொல்லவேண்டும், உள் உதட்டைத் திருப்பிப் பார்க்கவேண்டும், நகக்கண்ணை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். ஆக்சிஜன் காட்டுகிற கிளிப்பும் கறுத்த தோலில் இருப்பதைவிடக் கூடுதலாய்க் காட்டிவிடுவது உண்டு. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி ஏமாற்றியது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பு நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று வந்தது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். எந்தத் தோலை வைத்து அதைச் சரிபார்த்தார்கள் என்று நாம் கேட்கவேண்டும்.

பிறவிக் கோளாறு ஏழை பணக்காரன் பார்த்து வருவதில்லை. உயிரோடு பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. இந்தியாவில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். யார் பிள்ளைக்குச் சீக்கிரம் தெரிகிறது, யார் பிள்ளைக்குச் செத்தபிறகும் தெரிவதில்லை என்பதில்தான் சாதி நுழைகிறது.

ஆனால் இன்னொரு இதய நோய் வீடு பார்த்தே வருகிறது. தொண்டைக் கரகரப்பில் தொடங்கும். ஒருவகைக் கிருமி. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரத்தில் முட்டியிலும் கணுக்காலிலும் வலி, வீக்கம். இன்றைக்கு இந்த மூட்டு, நாளைக்கு அந்த மூட்டு. வாதக் காய்ச்சல் என்று பெயர். ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம். வலி போய்விடும், ஆனால் இதய வால்வைத் தின்றுவிட்டுப் போகும். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீடுதான் அந்தக் கிருமிக்கு வாகான இடம். பணக்கார நாடுகளில் பென்சிலின் வருவதற்கு முன்பே இந்த நோய் குறையத் தொடங்கியது. காற்றோட்டமான வீடும் நெரிசல் இல்லாத வாழ்க்கையும் வந்ததுதான் முக்கியக் காரணம். அதே பணக்கார ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும், நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்கும் இன்றும் இது வருகிறது. ஏன் என்று நமக்கு விளக்கவேண்டியதில்லை. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, வருஷக்கணக்காய்ப் போடவேண்டும். விலை குறைந்த ஊசி. லாபம் குறைவு என்பதால் கிடைக்காமல் போகிற ஊசியும் அதுதான். பஞ்சமி நிலத்துக்கும் வீட்டு மனைக்கும் நாம் நடத்துகிற போராட்டம் பிள்ளைகளின் இதயத்துக்கான போராட்டமும்தான்.

இனி கணக்கு. பிள்ளைக்கு அறுவைச் செலவு அரசுக் காப்பீட்டில் முடிந்தது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் முதலமைச்சர் பெயருக்கு மாறிய திட்டம். எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் அது நம் வரிப்பணம், நம் உரிமை, பிச்சை இல்லை. ஆனால் காப்பீடு எதையெல்லாம் கட்டாது என்பதைச் சந்தாதாரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானச் சான்றுக்கு நாலு நாள் அலைந்த கூலி. சென்னைக்கு ஆறு முறை போய்வந்த பஸ் காசு. இருபத்தாறு நாள் தங்கிய லாட்ஜ் வாடகை. தோழருக்கு ஒப்பந்தக்காரர் பிடித்த சம்பளம். அதற்குத்தான் அச்சுக்கூலி போனது. மீதிக்கு நான் என் மனைவியின் சங்கிலியை என் கிளையிலேயே அடகு வைத்தேன். டோக்கன் எழுதியதும் நானே.

ரத்தம் கொடுக்க ஆறு பேர் வேண்டும் என்றார்கள். பதினோரு தோழர்கள் வந்து நின்றார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1950 வரை கறுப்பர் ரத்தத்தைத் தனியாய்ப் பிரித்து வைத்திருந்தது. நம் ரத்த வங்கிப் படிவத்தில் சாதிக்குக் கட்டம் இல்லை. சந்தோஷம். எங்கள் ரத்தம் யார் யார் உடம்பில் ஓடுகிறதோ, அவர்களுக்குத் தெரியாமலே ஓடட்டும்.

ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, குறுகலை அகலப்படுத்தினார்கள். 1954இல்தான் இந்த முழுத் திருத்தத்தை முதன்முதல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் செய்தார்கள். இன்றைக்கு இதைப் பெரும்பாலும் முதல் வயதிலேயே செய்துவிடுகிறார்கள். நம் பிள்ளைக்கு ஆறு வயதானது. ஐந்து வருஷத்தை யார் திருப்பித் தருவது?

செயல்படுகிற தோழர்களுக்குச் சில வேலைகள். தாய்ப்பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்து, இரண்டு வாய் குடித்துவிட்டு மூச்சுவாங்கி நிறுத்துகிற குழந்தை, எடை ஏறாத குழந்தை, அடிக்கடி நெஞ்சுச்சளி வருகிற குழந்தை, அழுதால் கறுக்கிற குழந்தை, ஓடினால் குந்துகிற குழந்தை: காலனியில் யாராவது இருந்தால் விடாதீர்கள். எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, ஒலி அலைதான். பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் ஆக்சிஜன் பார்த்து, 95க்குக் கீழே இருந்தால் மேலே சோதிக்கவேண்டும். பிரசவ வார்டில் இதைக் கேட்டு வாங்குங்கள். 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வரவேண்டும். வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு வராத பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துங்கள். இந்தப் பிள்ளை இரண்டு முறையும் காய்ச்சலில் வீட்டில் இருந்திருக்கிறாள். நோயாளிப் பிள்ளைதான் சோதனை நாளில் பள்ளிக்கு வருவதில்லை! கேரளம் 2017இல் 'ஹ்ருத்யம்' என்று இதய நோய்க் குழந்தைகளுக்கென்றே திட்டம் கொண்டுவந்து, பிறந்ததும் பதிவு செய்கிறது. இங்கேயும் கேட்போம். மருத்துவம் படிக்கிற தோழர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. தொடுங்கள்.

பிள்ளை இப்போது காலனியில் ஓடுகிறாள். தாய்க்குத்தான் பயம், 'ஓடாதடி, ஓடாதடி' என்று பின்னாலேயே ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது என் கையைப் பிடித்து, 'வா மாமா' என்று இழுத்துக்கொண்டு போனாள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. ஓரிடத்தில் நான் உட்கார்ந்தேன். 'சோம்பேறி மாமா' என்றாள்.

அடுத்த இதழ் எப்போது என்று சொல்ல முடியாது. பாக்கி வைத்தவர்கள் சந்தாவைக் கட்டுங்கள். உங்கள் பகுதியில் குந்தி உட்காருகிற பிள்ளை இருந்தால், சந்தாவுக்கு முன்னால் அந்தச் செய்தியை அனுப்புங்கள்.

ஜெய்பீம்.

ஆசிரியர் குழுவுக்காக